செம்மேட்டில் நின்ற கேரவன்

"ஏனுங்க… நீங்க வண்டிய எடுக்கறீங்களா, இல்ல நான் கடைய எடுத்துக்கிட்டு அக்கட்டால போயிரட்டுங்களா?"

குடையை விரிக்கக்கூட மறந்து, மழையில் நனைந்துகொண்டே கேட்டாள் சுகந்தி. கேட்காமல் என்ன செய்வாள்? செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம். 'இன்வெர்ட்டர், யு.பி.எஸ். பழுது பார்க்கப்படும்' என்று அவளே பெயின்ட் அடித்து மாட்டிய பலகை. இரண்டையும் முழுசாக மறைத்துக்கொண்டு ஒருவன் வண்டியை நிறுத்தினால் கோபம் வராதா?

அதுவும் கேரவன்! கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் என்று வீட்டையே சக்கரத்தில் வைத்துக்கொண்டு மலைக்கு ஊர் சுற்ற வருகிறார்களே, அந்த வண்டி. அதைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. இப்போது அதை நினைக்க அவளுக்கு விருப்பமில்லை.

டிரைவர் கதவு திறந்தது. ஒருவன் இறங்கினான். முப்பது வயது இருக்கலாம். வெயிலில் கறுத்த முகம்… அதில் அநியாயத்துக்கு அமைதியான இரண்டு கண்கள். அவளைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி…

"என்னங்க, காது கேக்காதுங்களா?"

"கேக்குதுங்க…" என்றான் மெதுவாக. "இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்களே… அது."

கொழுப்பைப் பார்! சுகந்திக்கு மூக்கு சிவந்துவிட்டது. இவன் என்ன, நாடகமா பார்க்கிறான்?

"சொல்ல முடியாதுங்க. வண்டிய எடுங்க!"

அவன் மறு பேச்சுப் பேசவில்லை. வண்டியை எடுத்து, சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் விட்டான். பிறகு ஒரு கையில் கனமான இரும்புப் பெட்டி, இன்னொரு கையில் வாய் கட்டிய சாக்குப்பை சகிதம் சாலையைக் கடந்து, நேராக அவள் கடைக்கே வந்தான்.

"இந்த இன்வெர்ட்டரு கெட்டுப் போச்சுங்க. பார்த்துக் குடுப்பீங்களா?"

சற்றுமுன் திட்டிய வாயால் 'வாங்க' என்று எப்படிச் சொல்வது? சுகந்தி பெஞ்சைக் கைகாட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஊருக்கே இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவள் கடையில் இன்வெர்ட்டர் கிடையாது. வைத்திருந்ததை அவசரம் என்று வந்த ஒரு டீக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

இருட்டில் இரண்டு பேரும் மழையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரு?"

"அர்த்தனாரிங்க."

"அது உங்க தாத்தா பேரா இருக்கும். உங்க பேரச் சொல்லுங்க."

"தாத்தா பேருதாங்க… எனக்கும் அதையே வெச்சிட்டாங்க." இருட்டில் அவன் சிரித்தது தெரிந்தது. "சொந்த ஊரு சேந்தமங்கலம் பக்கம். நாமக்கல் பட்டறையில நானே நின்னு கட்டுன வண்டிங்க இது. இப்ப இங்க ஒரு ரிசார்ட்காரரு வாங்கிக்கறேன்னாரு. டயரக் கழட்டிட்டு அப்படியே ரூமா நிறுத்தப் போறாராம். ஆனா உள்ள எல்லாம் ஓடணுமாம்."

"அப்ப நீங்க?"

"லாரிக்குப் போறேனுங்க. வடக்க."

கரண்ட் வந்தது. பளிச்சென்று டியூப் லைட் எரிந்தது. அவன் பார்வை அவள் தலைக்கு மேலே சுவரில் போய் நின்றது. மாலை போட்ட ஒரு போட்டோ. மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர்… சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"இவரு…?"

"எங்கப்பா. பழனிமுத்து." சுகந்தி ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். "போன ஐப்பசி மழையில போயிட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருஷமாக வெளி ஆள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஏனோ அந்த அன்னியனிடம் கொட்டிவிட்டது.

"மொகத்தக்கூட நான் பார்க்கலீங்க. ஓசூர்ல சர்க்யூட் போர்டு செய்யற கம்பெனியில இருந்தேன். சேதி கேட்டு ஓடியாந்தா, மலையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடக்குது. கீழ காரவள்ளியில நிக்கறேன்… மேல எங்கூரு தேவனூர் நாட்டுல, எங்கூட்டுல அப்பா ஐஸ் பெட்டியில கெடக்கறாரு. மலை பூரா கரண்ட் இல்ல. எவனோ ஒரு கேரவன்காரன் வண்டியில இருந்து பெட்டிக்குக் கரண்ட் தாரேன்னு வந்திருக்கறான். குடிகார நாயி. குடிச்சுப்போட்டு எதையோ எதுலயோ மாட்டி, ஊட்டு ஒயரு பூரா எரிஞ்சு போச்சு. பெட்டி மோட்டாரும் கருகி நின்னுருச்சு. இதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுன்னு எடுத்துட்டாங்க. நான் வந்து பார்த்தது வெறும் கட்டிலு."

அர்த்தனாரி போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் அவன ஒரு அறை விட்டாராம். பத்தாது! என் கையில மட்டும் அவன் கெடைச்சான்னா…"

"கெடைச்சா?"

அவன் கேட்ட விதத்தில் சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியலீங்க… உங்க தொழில்ல இருக்கறவனாச்சே. உங்களுக்கு அவனத் தெரியுமா?"

"பார்த்திருக்கேனுங்க." அவன் எழுந்துகொண்டான். "மொதல்ல பெட்டியத் தொறந்து பாருங்க. பொறவு பேசிக்கலாம்." சாக்குப்பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். "இதுவும் அதோட சேர்ந்ததுதான். வேணும்னா எடுத்துக்குங்க."

மழையில் இறங்கிப் போய்விட்டான். திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டாள் சுகந்தி. நினைத்துக்கொண்டே, அவன் வண்டிக்குள் ஏறும்வரை பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தாள். வண்டி பேட்டரியின் சின்ன கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. இதுவோ செத்துக் கிடந்தது. ஒரு பீப் சத்தம்கூட இல்லை. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேட்டரிப் பக்கம் ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அதை அடுத்து இருந்தவையும் பெரும்பாலும் நன்றாக இருந்தன. ஆனால் கரண்ட் வெளியே போகிற பக்கம்… பெரிய டிரான்சிஸ்டர்கள் வெடித்துப் பிளந்து கிடந்தன. போர்டில் செம்புக் கோடுகள் கருகி எழுந்திருந்தன. அந்தக் கருக்கல் பிளக் மாட்டுகிற ஓட்டையில்தான் ஆரம்பித்து உள்ளே வந்திருந்தது.

"இங்க வாங்க!" என்று சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்தினாள்.

அவன் டீ டம்ளரோடு வந்தான்.

"இது தானா கெடலீங்க. வெளிய போற வழியில யாரோ லைன் கரண்ட உள்ள உட்டிருக்காங்க. இதுவும் கரண்ட் குடுக்க, ஈ.பி. கரண்டும் எதுக்க வர… ரெண்டும் மோதி வெடிச்சிருக்குது. எந்த அறிவுகெட்டவன் பண்ணுன வேலைங்க இது? நீங்களா?"

"நான் இல்லீங்க."

"பின்ன யாரு?"

அவன் டீயைக் குடித்தான். "நல்லாப் பாருங்க… தெரியும்."

புதிர் போடுகிறானாம்! சுகந்தி பட்டென்று மூடியை மூடினாள். "டிரான்சிஸ்டரு சேலத்துல இருந்து பஸ்ஸுல வரணும். மழை பேஞ்சா பஸ் வராது. அதுவரைக்கும் உங்க மாளிகையில காத்துக் கெடங்க!"

காத்துக் கிடந்தான். மழையும் விடவில்லை, பார்சலும் வரவில்லை. அதற்குள் நடக்கக்கூடாதது நடக்க ஆரம்பித்தது.

காலையில் ஷட்டரைத் தூக்க அவள் மல்லுக்கட்டினால், பேசாமல் வந்து ஒரு கை கொடுப்பான். பலா மரக் கிளை ஒன்று முறிந்து கடைக் கூரையில் விழுந்தபோது, ஏறி இழுத்துப் போட்டான். கூரையில் ஒழுகிய இடத்தில் வண்டித் தார்ப்பாயை மடித்துக் கட்டினான். பேச்சு மட்டும் கம்மி. அவள்தான் பேசுவாள். பேச வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான், வேறு வேலையே இல்லாதவன் போல.

"எப்பப் பார்த்தாலும் நானே பேசிக்கிட்டிருக்கறேன். நீங்க என்ன, வாய அடமானம் வெச்சுட்டீங்களா?"

"நீங்க பேசறது நல்லா இருக்குதுங்க."

"திட்டறதுமா?"

"அது இன்னும் நல்லா இருக்குது…"

அன்று வீட்டுக்குப் போனதும் சுகந்தி கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். கேரவன்காரன்! வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு? ஆனால் பாழாய்ப்போன மனசு அந்த அமைதியான கண்களைச் சுற்றியே வந்தது. பார்சல் வரக்கூடாது என்று ரகசியமாக வேண்டிக்கொண்டது. மழை நிற்கக்கூடாது என்றும்.

மழை நின்றது. பார்சல் வந்தது. அப்பாவின் வருஷத் திதிக்கு முதல் நாள் அது.

வெடித்தவற்றைப் பிடுங்கி, புதியதைப் பற்றவைத்தாள். கருகிய கோடுகளுக்குப் பதிலாகக் கம்பி இழுத்தாள். அப்புறம் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினாள்.

"இது எதுக்குங்க?" என்றான்.

"உள்ள இன்னும் கோளாறு இருந்தா, வர்ற கரண்ட பல்பு வாங்கிக்கும். போட்ட சாமானு தப்பிச்சுக்கும். பல்பு நின்னு எரிஞ்சா தப்பு. ஒருக்கா மினுக்கிட்டு அணைஞ்சா சரியாயிருச்சுன்னு அர்த்தம்." பல்பு எரியக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

சுவிட்சைப் போட்டாள். பல்பு ஜகஜோதியாக எரிந்தது.

"போச்சு…"

"பரவால்லீங்க. இன்னொருக்கா பாருங்க."

தேடினாள். பெரியவற்றை ஏவி விடுகிற குட்டி டிரான்சிஸ்டர் ஒன்று. வெளியே பார்க்க முழுசாக இருந்தது, உள்ளே செத்திருந்தது. அதையும் மாற்றினாள். மறுபடி சுவிட்ச். பல்பு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. பெட்டி 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது.

சுகந்தி சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டாள். அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. ஆசையை விட அதிகமாக ஏதோ ஒரு வலி இருந்தது. ஏன் இப்படிப் பார்க்கிறான்?

"இருங்க… லோடு குடுத்துப் பார்க்கலாம். ஒரு ஒயரு வேணுமே…"

சாக்குப்பை ஞாபகம் வந்தது. இழுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு நீள ஒயர். ஒரு முனையில் பிளக். மறு முனையிலும் பிளக்! ஒன்றை இன்வெர்ட்டரிலும் மற்றதைச் சுவரில் இருக்கிற பாயிண்டிலும் செருகினால், கரண்ட் வாங்குவதற்குப் பதிலாக வீட்டுக்குள் கரண்டைத் தள்ளும். ஒரு முனை கருகி உருகியிருந்தது.

"இதாங்க அந்த அறிவுகெட்ட வேல…" என்று சிரித்தபடியே ஒயரின் நடு இணைப்பைப் பார்த்தவள் நிறுத்தினாள்.

இணைப்பின் மேல் சைக்கிள் ட்யூப் ரப்பரைப் பட்டையாக வெட்டிச் சுற்றியிருந்தது. அதன்மேல் மீன் தூண்டில் நரம்பு, நெருக்கமாக. கடைசியில் இரட்டை முடிச்சு. முடிச்சின் வாலைத் தீக்குச்சியால் சுட்டு, கடுகு அளவுக்கு உருட்டிவிட்டிருந்தது.

கிணற்று மோட்டாருக்குப் போடுகிற கட்டு. டேப் ஒட்டினால் மலை ஈரத்தில் நிற்காது என்று இப்படிக் கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் தூக்கினாலும் இந்தக் கட்டைப் பார்க்கலாம். 'என் கையெழுத்து' என்பார் பெருமையாக.

அவள் அண்ணன் தனபால்.

"இது…" முடிச்சை விரலால் தடவினாள். "இது எந்த ஊட்டுல…"

அவன் இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டான். "ஓடுதில்லீங்களா? நாளைக்கு வண்டிய ஒப்படைச்சுப்போட்டு, சாயங்கால பஸ்ஸுல கெளம்பறேனுங்க."

"நில்லுங்க! அந்த டிரைவரு…"

"நாந்தாங்க," என்றான் அர்த்தனாரி. "குடிக்கற பழக்கம் மட்டும் இல்லீங்க."

மறுநாள் தேவனூர் நாட்டு வீட்டில் படையல் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் நடுவில் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுகந்தி போய் அவர் இலைக்குப் பக்கத்தில் அந்த ஒயரை வைத்தாள்.

"இந்தக் கட்டு யாருதுங்கண்ணா?"

தனபாலின் கை சோற்றிலேயே நின்றது.

"எந்தக் குப்பையில பொறுக்குன?"

"கேரவன்ல."

பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தனபால் எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"அவன் பெட்டிக்கு மட்டுந்தான் தனியா ஒயரு இழுத்துக் குடுத்தான். ஊடு பூரா இருட்டு. வந்த சனம் இருட்டுல தடவிக்கிட்டு உக்காந்திருக்குது… நம்ம அப்பன் எழவுல ஒரு லைட்டு இல்ல. அவன் டீ குடிக்கப் போன நேரத்துல மெயின ஆஃப் பண்ணிட்டு, இந்த ஒயரக் கட்டிச் செருகுனேன். லைட்டு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல தெரு லைட்டும் எரிஞ்சுது. கரண்ட் வந்துருச்சுன்னு போயி மெயினப் போட்டுட்டேன். ஒயரக் கழட்ட மறந்துட்டேன். மறதிதான புள்ள? கொலையா பண்ணுனேன்?"

"மறந்தது சரிங்கண்ணா. அவர எதுக்கு அடிச்சீங்க?"

"எல்லாரும் என்னையவே பார்த்தாங்க…"

அவ்வளவுதான் காரணம். எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்தில் ஓர் அன்னியன் நின்றான். அவன் கன்னம் கைக்கு எட்டியது.

"உட்டுரு கண்ணு," என்றாள் அம்மா காளியாத்தாள், அடுக்களை வாசலில் நின்று. "திதி நாளும் அதுவுமா…"

சுகந்தி திரும்பினாள். அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்துபோனது.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"போனவரு போயிட்டாரு சாமி. இருக்கறவன ஊரு ஏசிரக் கூடாதுன்னு…"

"அதுக்கு ஊர் பேர் தெரியாதவர் தலையில பழியப் போட்டீங்க. ஒரு வருசமா நான் அவர மண்ண வாரித் தூத்திக்கிட்டிருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே சோறு தின்னீங்க!" அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். "அண்ணா, அவரு சாயங்கால பஸ்ஸுல போறாரு. ஒருக்கா வந்து, தப்பு என்னுதுன்னு சொல்லிருங்க."

"ஒரு டிரைவரு கால்ல போயி விழச் சொல்றியா?"

"கால்ல வேண்டாங்க. கண்ணப் பார்த்துச் சொன்னாப் போதும்."

தனபால் இலையை மடித்தார். எழுந்து போய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பி வரவில்லை.

அவள் செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மறுபடி மழை பிடித்திருந்தது. நாமக்கல் பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையோடு அர்த்தனாரி. கேரவன் நின்ற புளியமரத்தடி வெறுமையாக இருந்தது.

"இன்னைக்கும் குடையில்லீங்களா?" என்றான்.

"எங்கண்ணன் வரலீங்க. நாந்தான் வந்தேன்."

"வரமாட்டாருன்னு தெரியுங்க."

"மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல? அத்தன ஏச்சையும் கேட்டுக்கிட்டு நின்னீங்களே!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? கூடப் பொறந்தவரு ஒண்ணு சொல்றாரு, அடி வாங்குனவன் ஒண்ணு சொல்றான்… நான் வாயால சொன்னா அது சாக்குங்க. பெட்டியத் தொறந்து நீங்களே பார்த்தா நெசம். அதுக்குத்தான் பேசாம இருந்தேன்." அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான், ஒரு வருஷமாகியும் அங்கே எரிகிற மாதிரி. "எழவு ஊட்டக் கொளுத்துனவன்னு பேரு. மலைக்குச் சவாரின்னாலே என் வண்டிய வேண்டாம்னுட்டாங்க. உங்களுக்காச்சும் நெசம் தெரியட்டும்னு தோணுச்சு."

கண்டக்டர் விசில் ஊதி ஆட்களை ஏற்றினார். சுகந்திக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. வீட்டார் சொன்னால் இனி நம்ப முடியாது; இவன் ஒருவனிடம்தான் அதைக் கேட்க முடியும்.

"நீங்க பெட்டிகிட்டயே உக்காந்திருந்தீங்களா?"

"டீ குடிக்கப் போற வரைக்கும் நகரலீங்க."

"எங்கப்பா மொகம்… எப்படிங்க இருந்துச்சு?"

அவன் பையை மறு கைக்கு மாற்றினான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை என்பது தெரிந்தது.

"தூங்கற மாதிரி எல்லாம் இல்லீங்க. கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு. தாடைக்குத் துணி கட்டியிருந்தாங்க. வலது புருவத்துல ஒரு தழும்பு… அதுல விபூதி ஒட்டாம நின்னுச்சு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாரு. யாரோ கழட்டப் போனப்ப உங்கம்மா உடலீங்க. 'கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஆளு தெரியாது, எம்புள்ள வந்தா எப்படிப் பார்ப்பாரு'ன்னு திரும்பப் போட்டு உட்டாங்க."

சுகந்தி அழுதாள். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷம் கழித்து அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள், கேரவன்காரன் கண்ணால். அவன் பையைக் கீழே வைத்தான். கையை நீட்டினான். தொடாமலே இழுத்துக்கொண்டான்.

"போகாதீங்க…" என்றாள். வெட்கம் எங்கோ போயிருந்தது. "எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க. பாவம்னு இல்ல. எங்கூட்டுத் தப்புக்கு ஈடுன்னும் இல்ல. அந்தக் கட்ட நான் பார்க்கறதுக்கு முந்தியே புடிச்சுப் போச்சு."

அவன் கண்கள் நிறைந்தன.

"எனக்கு அதுக்கும் முந்திங்க."

"கடைக்கு வந்த அன்னைக்கா?"

"போன ஐப்பசியில." அவன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்கம்மா செல்போன ஸ்பீக்கர்ல போட்டு, பெட்டி மேல வெச்சிருந்தாங்க. காரவள்ளியில இருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. 'அப்பாவ எடுத்துராதீங்க… நான் வந்துக்கிட்டே இருக்கேன்… எடுத்துராதீங்க'ன்னு. வழியில உங்கூட்டுக்குப் பக்கத்துல டீசல் வாங்கத்தான் வண்டிய நிறுத்தியிருந்தேன். அந்தக் கொரலக் கேட்டுத்தான் எறங்கி ஒயர இழுத்தேன். அந்தப் பொண்ணு வந்து சேர்ற வரைக்கும் கரண்ட நிக்க உடறதில்லைன்னு நானா மனசுல சத்தியம் பண்ணிக்கிட்டேன். மொகம் தெரியாது, பேரு தெரியாது… கொரலு மட்டும் ஒரு வருசமாக் காதுலயே கெடந்துச்சு. இங்க வந்து எறங்குறேன், வண்டிய எடுங்கன்னு அதே கொரலு ஏசுது."

'இன்னொருக்கா சொல்லுங்க…' அன்று அவன் நின்ற விதம் இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அப்ப ஏங்க போறீங்க?"

"சத்தியத்தக் காப்பாத்த முடியலியேங்க. ஒரு டீக்கு ஆசப்பட்டு எந்திரிச்சுப் போனேன். நான் அங்கயே இருந்திருந்தா உங்கண்ணன் அந்த ஒயரச் செருகியிருக்க மாட்டாரு." அவன் தலை குனிந்தான். "நீங்க பேசப் பேச எனக்குப் புடிக்குது. பேசி முடிச்சதும் 'எடுத்துராதீங்க'ன்னு அந்த ஒண்ணுதான் கேக்குது. உங்கண்ணன் அடிச்சதக்கூட மறந்துருவேன். இத எப்படிங்க மறக்கறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊமையா இருந்துக்கறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன். போதுங்களா?"

"அய்யோ, வேண்டாங்க…"

கண்டக்டர் அவன் தோளைத் தொட்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்மேல் அவள் விரல் பட்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"திரும்பி வருவீங்களா?"

"வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்தா, அது இன்னொரு பாவமுங்க." அவன் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். "ஒண்ணே ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா? மொத நாளு சொன்னீங்களே… அத இன்னொருக்கா சொல்லுங்க. இனிமே காதுல அது கெடக்கட்டும்."

சுகந்தி மூச்சை இழுத்தாள். இடுப்பில் கை வைத்தாள், அன்று நின்ற மாதிரியே.

"ஏனுங்க… நீங்க வண்டிய எடுக்கறீங்களா, இல்ல நான் கடைய எடுத்துக்கிட்டு…"

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. டிரைவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.